மாற்றமும் அன்றாட வாழ்வும்: தமிழ்ப் புனைகதையின் கருப்பொருள்கள்

தமிழில் புதினம், சிறுகதை என்னும் இலக்கிய வகைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு வளர்ந்தவை. இவற்றில் நிலைத்து நிற்கும் ஆக்கங்கள் பலவற்றுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று சமூகத்தில் நிகழ்ந்த மாற்றம். மற்றொன்று மக்களின் அன்றாட வாழ்வு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கதை பிறக்கிறது என்பதைத் தமிழ்ப் புனைகதையின் வரலாறு காட்டுகிறது.

வரி வசூல், அணைக்கட்டு, நகரத்துக்குக் குடிபெயர்தல், தண்ணீர்ப் பஞ்சம், ஆட்சி மாற்றம் போன்றவை அரசு ஆவணங்களில் எண்களாகவும் தேதிகளாகவும் பதிவாகின்றன. அதே மாற்றம் ஒரு வீட்டுக் கதவையும் ஒரு தெருவின் குழாயடியையும் என்ன செய்தது என்பதற்கு ஆவணம் இல்லை. அந்தக் குறையை எழுத்தாளர்களே பெரிதும் நிறைவு செய்துள்ளனர். அவர்கள் தங்கள் கதைகளுக்கான பொருளை எங்கே கண்டெடுத்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழந்தமிழ் இலக்கணத்தில் கருப்பொருள்

அன்றாடப் பொருள்களிலிருந்து இலக்கியம் படைப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாடலின் உள்ளடக்கத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மனிதரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். இவற்றுக்கு நடுவே நிற்பது கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை அதில் அடங்கும். அதாவது, ஒரு நிலத்து மக்கள் நாள்தோறும் உண்பதும் பார்ப்பதும் செய்வதும் கவிதைக்குரிய பொருள்களாக இலக்கணத்திலேயே ஏற்கப்பட்டிருந்தன.

மாற்றத்துக்கும் அங்கே இடம் இருந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்வதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பாலைக்கு உரிய உணர்வு பிரிவு. நிலம் மாறினால் மனித உறவும் மாறும் என்ற இந்தப் பார்வை, பிற்காலப் புதினங்களைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

முதல் புதினங்கள்

தமிழின் முதல் புதினமாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) மாயவரத்தில் முன்சீபாகப் பணியாற்றியவர். வழக்கு மன்றத்தில் நாள்தோறும் அவர் கண்டவை சொத்துத் தகராறுகளும் குடும்பச் சச்சரவுகளும் ஆகும். தமிழ் மக்களின் வழக்குகள் அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் நடப்பதையும் அவர் கண்டார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற வாதம் அவருடைய புதினத்திலும் இடம்பெற்றுள்ளது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்ற எண்ணமும் அவரை எழுதத் தூண்டியது.

அவருக்குப் பின் வந்த அ. மாதவையா (1872–1925) உப்புத் துறையில் அலுவலராகப் பணிபுரிந்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்களின் வீடுகளில் குழந்தைத் திருமணமும் கைம்பெண்களின் துயரமும் தொடர்ந்ததை அவர் ‘பத்மாவதி சரித்திரம்’, ‘முத்துமீனாட்சி’ ஆகிய புதினங்களில் எழுதினார். கல்வி மாறிய வேகத்தில் வீடு மாறவில்லை. அந்த இடைவெளியே அவருடைய கதைப்பொருள்.

நகரமும் புதுமைப்பித்தனும்

1933இல் தொடங்கப்பட்ட ‘மணிக்கொடி’ இதழ் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியில் முக்கியமான கட்டமாகும். அதில் எழுதியவர்களுள் தலைசிறந்தவர் புதுமைப்பித்தன் (1906–1948). திருநெல்வேலியில் வளர்ந்து பட்டம் பெற்ற அவர், பத்திரிகைத் தொழிலை நாடிச் சென்னைக்கு வந்தார். தாமிரபரணிக் கரையை விட்டு வந்த ஒருவரின் கண்ணுக்குச் சென்னையின் சந்துகளும் நடைபாதைகளும் புதியவையாக இருந்தன. உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பழகிக் கடந்து போனவற்றை அவர் நின்று கவனித்தார்.

‘பொன்னகரம்’ கதையில், விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரரின் மனைவி ஆலையில் கூலி வேலை செய்கிறாள். கணவனுக்குக் கஞ்சி காய்ச்சக் காசில்லாத நிலையில் அவள் எடுக்கும் முடிவே கதை. ‘மகாமசானம்’ கதையில் பரபரப்பான நகரத் தெருவோரம் ஒரு முதியவர் இறந்துகொண்டிருக்கிறார். கூட்டம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. தந்தை மாம்பழம் வாங்கப் போயிருக்கும் சிறு நேரத்தில் ஒரு குழந்தை மட்டுமே அவரைப் பார்க்கிறது.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளையோ பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் இடத்தில் நின்று, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் காப்பி குடிக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். காலணாக் கணக்கில் ஓடும் நகர வாழ்வில் கடவுளுக்கு என்ன வேலை என்ற பெரிய கேள்வி, இந்தச் சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

இடைசெவலின் இரு எழுத்தாளர்கள்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் சிறிய கரிசல் கிராமம். அங்கிருந்து ஒரே காலத்தில் இரண்டு பெரும் எழுத்தாளர்கள் தோன்றினர். கு. அழகிரிசாமியும் (1923–1970) கி. ராஜநாராயணனும் (1923–2021) இளமை முதல் நண்பர்கள். முன்னவர் பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் சென்றார். பின்னவர் ஊரிலேயே தங்கி விவசாயம் செய்தார்.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ ஒரு தீபாவளியைப் பற்றியது. பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார். பக்கத்து ஏழை வீட்டுக்கு, உடலெல்லாம் சிரங்கு பிடித்த ராஜா என்னும் அனாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அந்த வீட்டுத் தாய் அவனையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை உடுத்துகிறாள். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பிள்ளைகளின் போட்டிப் பேச்சு ஆகியவற்றைத் தவிர இக்கதையில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை.

கி. ராஜநாராயணன் முப்பது வயதுக்குப் பிறகே எழுதத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவருடைய ‘கதவு’ என்னும் சிறுகதை, மாற்றம் அன்றாடப் பொருளைத் தொடும் முறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஓர் ஏழை வீட்டுக் குழந்தைகள் தங்கள் வீட்டுக் கதவில் ஏறி நின்று, அதை ஆட்டி, பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். மழை பொய்த்துவிட்டது. தந்தை மணிமுத்தாற்றுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். அவரிடமிருந்து பல மாதங்களாகச் செய்தி இல்லை. தீர்வை பாக்கிக்காக ஊர் அதிகாரிகளின் ஆட்கள் வந்து அந்தக் கதவைக் கழற்றித் தூக்கிச் செல்கிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் நுழைகிறது. பின்னர் ஒரு நாள் அந்தக் கதவு வெயிலிலும் மழையிலும் கிடப்பதைக் குழந்தைகள் கண்டு, ஓடிச் சென்று அதைப் பற்றிக்கொள்கிறார்கள்.

வரி பாக்கிக்காக ஜப்தி என்பது அலுவலக ஏட்டில் ஒரு வரி. அந்தக் கதவு குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகவும் குடும்பத்துக்குக் காவலாகவும் இருந்தது என்பதை எந்த ஏடும் எழுதாது. இக்கதை அதை எழுதியது. வரிக்கொள்கை பற்றி ஒரு சொல்கூட விளக்காமலேயே வாசகருக்கு அனைத்தையும் உணர்த்திவிடுகிறது.

கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களும் மறைந்துவருவதைக் கி. ராஜநாராயணன் உணர்ந்தார். அவற்றைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை உருவாக்கினார். தமிழில் வட்டார வழக்குச் சொற்களுக்கென எழுந்த முன்னோடி முயற்சி அது. ஆந்திரப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதையை ‘கோபல்ல கிராமம்’ (1976) என்னும் புதினமாக எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

ஒரு மரமும் ஒரு நகரமும்

மரத்தை மையமாக வைத்துக் கதை எழுதுவது தமிழில் முன்பே இருந்தது. வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் அரசமரமே கதை சொல்கிறது. சுந்தர ராமசாமியின் (1931–2005) ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) இதிலிருந்து வேறுபட்டது. இங்கு மரம் பேசுவதில்லை. எதையும் செய்வதும் இல்லை. அது நிற்கிறது. அதைச் சுற்றி எல்லாம் மாறுகிறது.

நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திவந்த ஆசிரியருக்கு அந்நகரின் சந்தியும் கடைகளும் நாள்தோறும் கண்ட காட்சிகள். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் குளத்தின் நடுவே நின்ற மரம், குளம் தூர்க்கப்பட்டபின் சாலைச் சந்தியின் மரமாகிறது. பின்னர் அதன் நிழலில் கடைகள் முளைக்கின்றன. விடுதலைக்குப் பின் வணிகப் போட்டியும் நகராட்சித் தேர்தலும் மரத்தைச் சூழ்கின்றன. இறுதியில் மனிதரின் போட்டிக்கு மரம் பலியாகிறது.

தமிழ் பேசும் கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அந்தக் காலகட்டத்தை வரலாற்று நூல்கள் எல்லைகளின் மாற்றமாக எழுதுகின்றன. இப்புதினம் அக்காலத்தின் சாதாரண மனிதர்களையும், ஆசானின் கதைகளைக் கேட்க மரத்தடியில் கூடிய இளைஞர்களையும் காட்டுகிறது. கதை கேட்க நேரமிருந்த ஊர், விற்கவும் வாங்கவும் மட்டும் நேரமுள்ள நகரமாக மாறியது என்பதே அதன் உள்ளடக்கம்.

குழாயடியும் கிரிக்கெட் மைதானமும்

அசோகமித்திரன் (1931–2017) செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பணிபுரிந்தார். இந்த இரு நகரங்களும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் எழுதப் போதிய பொருளைத் தந்தன.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் ‘தண்ணீர்’ என்னும் அவருடைய புதினத்தின் களம். காலி வாளிகளும் குடங்களும், பூட்டிய பம்புகளும், அடுத்த வீட்டாரின் முகச்சுளிப்பும் கதை முழுவதும் வருகின்றன. வாழ்வில் ஏமாற்றப்பட்ட ஜமுனாவும், ஓயாத உழைப்பில் வாழும் டீச்சரம்மாவும் ஒரு குடம் நீருக்காக அலைகிறார்கள். தண்ணீர் வற்றும்போது மனிதருக்கிடையே உள்ள ஈரமும் சோதிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர் விளக்கிச் சொல்வதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

‘18வது அட்சக்கோடு’ (1977) ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த 1948ஆம் ஆண்டுக் காலத்தைப் பற்றியது. அதன் நாயகன் போராளியோ தலைவனோ அல்லன். மாட்டைப் பார்த்துக்கொள்வதும் கல்லூரிக்குப் போவதும் கிரிக்கெட் ஆடுவதுமாக இருக்கும் தமிழ் இளைஞன். அவனுடைய விளையாட்டுத் தோழர்கள் மதத்தால் பிரிந்துபோவதில்தான் அவனுக்கு அரசியல் மாற்றம் முதலில் புரிகிறது. வெற்றி பெற்ற தரப்பைச் சேர்ந்தவனாக இருந்தும், தோற்றவர்களின் அச்சத்தை நேரில் கண்டு அவன் வெட்கி ஓடுகிறான். ஒரு பெரும் வரலாற்று நிகழ்வின் விலையை ஓர் இளைஞனின் மனச்சான்றில் அளந்து காட்டிய புதினம் இது.

தேடிச் சென்று எழுதிய ராஜம் கிருஷ்ணன்

மேற்கண்டவர்கள் தம்மைச் சுற்றி இருந்ததை எழுதினர். ராஜம் கிருஷ்ணன் (1925–2014) தேடிச் சென்று எழுதினார். முசிறியில் பிறந்த அவருக்கு இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் மின்பொறியாளர். அவருடைய பணியிட மாற்றங்களால் பல ஊர்களில் வாழ நேர்ந்தது. அடிக்கடி வீடு மாறுவதைச் சுமையாக மட்டும் கருதாமல், ஒவ்வோர் ஊரின் மக்களையும் அறியும் வாய்ப்பாக அவர் மாற்றிக்கொண்டார்.

நீலகிரியில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து படகர் மக்களைப் பற்றிய ‘குறிஞ்சித்தேன்’ பிறந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காகக் கொண்ட அந்தப் புதினம், தானியம் விளைந்த மலைச்சரிவுகளில் தேயிலையும் பணமும் புகுந்தபோது குடும்ப உறவுகள் எப்படித் திரிந்தன என்பதைத் தலைமுறைகளின் வழியே சொல்கிறது.

‘கரிப்பு மணிகள்’ புதினத்துக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று தொழிலாளர்களைச் சந்தித்தார். வெயிலில் கூசும் உப்பின் வெண்மையில் கண் கெடுவதும், உப்புநீரில் நின்று கால்கள் புண்ணாவதும், சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீருக்குத் தவிப்பதும் அதில் இடம்பெற்றுள்ளன. எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருக்கும் பொருள் உப்பு. அது யாருடைய உடலை அரித்து வீட்டுக்கு வருகிறது என்பதை வாசகர்கள் பலர் இப்புதினத்தின் வழியாகவே முதன்முதலில் அறிந்தனர்.

உள்ளிருந்து எழுந்த குரல்

பிறருடைய துயரத்தை வெளியிலிருந்து வந்த ஒருவர் முழுமையாக எழுத முடியுமா என்ற கேள்வி தமிழில் வலுவாக எழுந்தது. 1990களில் அதற்கு ஒரு விடை தலித் இலக்கியமாக வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளியானது. ஆசிரியையாகப் பணியாற்றிப் பின்னர் துறவறம் ஏற்ற அவர், துறவு மடத்தை விட்டு வெளியேறிய காலத்தில் தம் ஊரையும் இளமையையும் நினைவுகூர்ந்து எழுதிய நூல் அது.

கருக்கு என்பது பனைமட்டையின் ஓரத்தில் உள்ள, வாள் போன்ற பற்களைக் குறிக்கும். விறகு பொறுக்கும் சிறுவர் சிறுமியர் கையைக் கிழிக்கும் அந்தப் பொருளே நூலின் பெயராயிற்று. ஊர்த் தெருக்களின் அமைப்பு, கூலி வாங்கும் முறை, பள்ளிக்கூடம், கோயில், விளையாட்டு ஆகியவற்றை மக்களின் பேச்சுமொழியிலேயே பாமா எழுதினார். வாழ்வில் ஏற்பட்ட ஒரு பெரும் முறிவு, அதுவரை எழுதத் தகாதவையாகக் கருதப்பட்ட அன்றாட நிகழ்ச்சிகளை இலக்கியமாக்கியது.

இதே காலத்தில் பெருமாள் முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) வெளிவந்தது. குடியிருப்புக் காலனி கட்ட நிலத்தை இழந்த வேளாண் குடும்பம், கையில் பணம் இருந்தும் நிலைகுலைந்து போவதை அது ஒரு சிறுவனின் பார்வையில் சொல்கிறது.

இரு வழிகளுக்கும் மதிப்பு உண்டு. ராஜம் கிருஷ்ணன் சென்றிராவிட்டால் உப்பளத் தொழிலாளரின் வாழ்வு அந்தக் காலத்தில் புதின வாசகர்களை எட்டியிருக்காது. பாமா எழுதியிராவிட்டால் அந்த வாழ்வை அதன் சொந்த மொழியில் கேட்டிருக்க முடியாது. வெளியிலிருந்து செல்பவருக்குப் பொறுமையும் கேட்கும் பண்பும் தேவை. உள்ளிருந்து எழுதுபவருக்கு, தன் வீட்டுப் பேச்சும் தன் தெருவும் இலக்கியத்துக்கு உரியவை என்ற துணிவு தேவை.

எழுதக் கற்போர் அறிய வேண்டியவை

கதை எழுத முற்படும் மாணவர்கள் பலர், எழுதுவதற்குத் தங்கள் வாழ்வில் எதுவும் நிகழவில்லை என்று கருதுகின்றனர். மேற்கண்ட எழுத்தாளர்களின் வரலாறு அந்த எண்ணத்துக்கு விடையளிக்கிறது. அவர்களுடைய முறையில் மூன்று பொதுக் கூறுகளைக் காணலாம்.

முதலாவது, அவர்கள் மாற்றத்தை மொத்தமாக எழுதவில்லை. அது தொட்ட ஒரு பொருளை எழுதினர். தீர்வை கதவாகவும், பஞ்சம் குடமாகவும், ஆட்சி மாற்றம் மரமாகவும் உருப்பெற்றன. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் இங்கே புதிய வடிவில் செயல்படுகிறது.

இரண்டாவது, பொருள்களின் பெயர்களையும் தொழில்களின் சொற்களையும் அவர்கள் அறிந்திருந்தனர். கி. ராஜநாராயணன் அகராதி தொகுத்ததும் பாமா பேச்சுமொழியை விடாமல் பற்றியதும் இதனால்தான். பெயர் தெரியாத பொருளைக் கூர்ந்து பார்ப்பது கடினம்.

மூன்றாவது, மாற்றம் நல்லதா தீயதா என்ற தீர்ப்பை அவர்கள் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. தேயிலை வந்ததால் படகர்களுக்குப் பணமும் வந்தது; பிளவும் வந்தது. நகரம் புதுமைப்பித்தனின் மாந்தர்களை வதைத்தது. அவருக்கு எழுத ஓர் உலகத்தையும் கொடுத்தது. இரண்டையும் பார்த்தவர்களின் கதைகளே இன்றும் வாசிக்கப்படுகின்றன.

மாற்றம் இன்றும் நின்றுவிடவில்லை. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்கள் வெட்டப்படுகின்றன. வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் சிற்றூர் டீக்கடைகளில் புதிய மொழிகளைப் பேசுகிறார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் பல வீடுகளின் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டன. இவற்றை அன்றாடம் பார்ப்பவர்களுள் பலர் மாணவர்கள். பாட்டியிடம் ஆட்டுக்கல்லின் உறுப்புகளுக்கு உரிய பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பதும், வெட்டப்பட்ட மரத்தடியில் முன்பு கடை வைத்திருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பதும் ஒரு கதையின் தொடக்கமாக அமையலாம்.